கை அகலம் திறந்த சன்னல்

டிசம்பர் 12, சனி

இன்று காலையில் புல்லெல்லாம் உறைபனி. வாசலில் இருந்த அண்டாவில் தண்ணீருக்கு மேல் மெல்லிய தகடு கட்டியிருந்தது. விரலால் குத்தினேன், உடைந்தது.

திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு. அறிவியல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். பகலில் எழுதினால் சித்தி என்ன என்று கேட்பாள். அவளும் தம்பியும் உள்ளறையில் தூங்குகிறார்கள். அப்பா இரவு வேலைக்குப் போய்விட்டார். நான் எப்போதும் படுக்கிற அடுப்படியில் சிம்னி விளக்கைத் திரி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டும் கேரட்டும் போடுகிற ஊர். அப்பா இங்கே ஒரு காட்டேஜில் வாட்ச்மேன். முதலாளி கொடுத்த வீடு இது. கல்சுவர், தகரக்கூரை, அடுப்படி ஒன்று, உள்ளறை ஒன்று. நாங்கள் தேவதானப்பட்டிப் பக்கம். அங்கே மார்கழியில் ஒரு போர்வை போதும். இங்கே மூன்று போர்த்தினாலும் கால் சூடாவதில்லை.

விறகு பொறுக்குவது என் வேலை. சீகை மரக் காட்டில் தானாக விழுந்த சுள்ளிகளை எடுக்கலாம், வெட்டினால் வனத்துறை கார்டு பிடிப்பார். ஆனால் எல்லாம் ஈரம். உள்ளறையில் சட்டியில் போட்டால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். தம்பி பிறந்து இன்னும் மாதம் ஆகவில்லை. புகையில் இருமி இருமி முகம் கறுத்துப்போகிறது. சித்தி அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள், அங்கே குளிர். மறுபடி உள்ளே ஓடுகிறாள். பிரசவத்துக்குப் போகச் சித்திக்குத் தாய் வீடு இல்லை. அவளுக்கும் அம்மா இல்லை.

இன்று மத்தியானம் அப்பா உள்ளறைச் சன்னலின் இடுக்குகளை அடைத்தார். அடைக்கத் துணி தேடினார். பெட்டியிலிருந்து அம்மாவின் பச்சைச் சேலையை எடுத்து நீளவாக்கில் கிழித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் கட்டாமல் கிடந்த சேலைதானே என்றார்.

அப்பா கிளம்பிப் போனதும் அம்மா படத்துக்கு முன்னால் நின்று அம்மாவிடம் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

டிசம்பர் 13, ஞாயிறு

அப்பா காட்டேஜிலிருந்து இரண்டு சாக்கு அடுப்புக்கரி கொண்டுவந்தார். கோழி சுட்டுத் தின்ன வந்தவர்கள் மிச்சம் வைத்துப் போனது. கூடவே ஒரு பழைய இரும்புக் குமுட்டி அடுப்பும். கரியைப் பற்றவைத்து, வாசலில் விசிறி, கங்கு சிவந்ததும் உள்ளறைக்குள் தூக்கிவந்து வைத்தார்.

"பாரு, புகையே இல்ல. இனிமே கண்ணக் கசக்க வேணாம்" என்றார்.

உண்மைதான். புகையே இல்லை. சிவப்பாக, சத்தமில்லாமல் எரிந்தது. சித்தி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. இனிமேல் நான் ஈர விறகு சுமக்க வேண்டாம். அதற்காக நானும் சிரித்தேன்.

டிசம்பர் 15, செவ்வாய்

ஆங்கிலம் இரண்டாம் தாள். தலைவலி. எழுதியது எதுவும் நினைவில் இல்லை.

டிசம்பர் 16, புதன்

காலையில் சித்தி வாந்தி எடுத்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்தாள். ராத்திரி யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்ததாம், கத்த நினைத்தும் வாய் வரவில்லையாம். தம்பி பாலுக்கு அழவே இல்லை. வெயிலில் கொண்டுபோய் வைத்து உள்ளங்காலைச் சுண்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது. சித்தி ரசம் வைத்தாள். தம்பியின் துணிகளைத் துவைத்துப் போட்டேன், எதுவும் காயவில்லை. எல்லாவற்றையும் குமுட்டிக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன்.

டிசம்பர் 18, வெள்ளி

அப்பா சித்தியைக் காய்கறி ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே போய்ச் சேருவதற்குள் அவளுக்குத் தெளிந்துவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, ரத்தம் குறைவு என்று சொல்லி டானிக் கொடுத்தார்களாம்.

பக்கத்துத் தோட்டத்துச் சுந்தரவடிவு அத்தை பூண்டு உரித்தபடி நலம் விசாரிக்க வந்தாள். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். சித்தி அவளிடம் மெதுவாக ஒன்று சொன்னாள். நான் அடுப்பை ஊதுகிற மாதிரி இருந்து கேட்டுவிட்டேன். நேற்று ராத்திரி கண் விழித்தபோது சன்னல் பக்கம் ஒரு பெண் நின்றாளாம். பச்சைச் சேலையாம்.

அத்தை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏத்தா ஜோதி, ஒங்கம்மா எப்படிம்மா போனா?"

காய்ச்சலில் என்று சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என்று சொன்னேன். அத்தை மறுபடி பூண்டை உரிக்க ஆரம்பித்தாள்.

சன்னலில் இருப்பது அம்மா சேலை என்று சித்திக்குத் தெரியாது. அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 20, ஞாயிறு

நேற்று அப்பாவுக்கு விடுமுறை. உள்ளறையில்தான் படுத்தார். படுக்கும் முன் குளிருக்கு மருந்து என்று சொல்லிக் குடித்தார். காலையில் அவராலும் எழுந்திருக்க முடியவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மருந்தைக் குறைக்கச் சொல்லிச் சித்தி திட்டினாள். ராத்திரி பவுன்தாய் கூப்பிட்ட மாதிரி இருந்தது என்றார் அப்பா.

பவுன்தாய் என்பது அம்மாவின் பெயர். மூன்று வருடத்தில் அப்பா அந்தப் பெயரைச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

டிசம்பர் 23, புதன்

தேர்வு முடிந்தது. விடுமுறை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தாலே நல்லது.

இன்று பேய் ஓட்டுகிற கோடாங்கி வந்தார். பெரியகுளம் பக்கத்திலிருந்து அப்பா கூட்டிவந்தார். பெரிய மீசை, குளிருக்குக் குரங்குக்குல்லா. குல்லாவைக் கழற்றாமலேயே உடுக்கை அடித்தார். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு எழுந்து, நேராகச் சன்னலுக்குப் போய் இடுக்கிலிருந்த துணியை உருவினார். இது யார் சேலை என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தியின் முகம் வெளுத்துப்போனது.

"மூத்தவ சேலையச் சொருகி நீங்களே வழி வச்சுக் குடுத்துட்டீங்க. காத்தோட காத்தா உள்ள வாரா. புள்ளையத் தூக்காமப் போக மாட்டா."

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியெல்லாம் மண்ணும் சாணியும் குழைத்துப் பூச வேண்டும். விளக்கு வைத்த பிறகு கதவோ சன்னலோ திறக்கக் கூடாது. தாயும் பிள்ளையும் படுக்கிற அறையில் விடிய விடிய நெருப்பு அணையக் கூடாது, நெருப்பு இருந்தால் கிட்டே வர மாட்டாளாம். வருகிற வெள்ளிக்கிழமை தாண்டி, புது வருடத்து வெள்ளிக்கிழமை வந்து சேலையை வைத்துச் சீகை மரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடுவதாகச் சொன்னார். அதற்கப்புறம் அவள் எங்கேயும் போக முடியாது, அந்த மரத்தோடு சரி என்றார்.

சாணி பொறுக்கிவந்தது நான். மண் குழைத்ததும் நான். அப்பா ஏணியில் நின்று பூசினார். ஒரு எறும்புகூட நுழைய முடியாதபடி பூசினார். சன்னலின் இடுக்குகளுக்கும் வாசற்கதவின் அடி இடுக்குக்கும் சாக்கு. குமுட்டியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கரி.

அந்த மரத்தடியில்தான் நான் சுள்ளி பொறுக்குவேன். மழை பெய்தாலும் அம்மா அங்கேயே நிற்க வேண்டும்.

டிசம்பர் 24, வியாழன்

மிகவும் மோசம். தம்பியின் கை துணி மாதிரித் தொங்கியது. சித்தி வாசலில் அவனை மடியில் போட்டுக்கொண்டு, பெயர் வைக்காத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "ஏய், ஏய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் வந்த பிறகு அழுதான்.

அம்மா கோபக்காரி இல்லை. நான் பாத்திரத்தைப் போட்டு உடைத்தால்கூட முதலில் காலில் குத்தியதா என்றுதான் பார்ப்பாள். அவளாக இதைச் செய்ய மாட்டாள். யாராவது கேட்டிருந்தால் ஒழிய.

அதனால் அம்மாவிடம் பேச வேண்டும். கதவு சத்தம் போடும். சன்னல்தான்.

டிசம்பர் 25, வெள்ளி

நேற்று இதை எழுதி முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போனேன். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாக்கை மெதுவாக உருவிச் சன்னலை ஒரு கை அகலத்துக்குத் திறந்தேன். முகத்தில் கத்தி வைத்த மாதிரிக் குளிர். வெளியே எதுவும் தெரியவில்லை, சீகைக் காடு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அம்மா என்று கூப்பிட்டேன். அன்றைக்குக் கேட்டதைச் சொல்லி, அது வேண்டாம் என்று சொன்னேன். சித்தி இருக்கட்டும் என்று சொன்னேன். தம்பியைப் பார்க்க வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போ, தொடாதே என்று சொன்னேன்.

போர்வையைப் போர்த்திக்கொண்டு சன்னலடியிலேயே உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டேன் போல. விடிவதற்கு முன்னால் மூடிவிட்டுச் சாக்கைச் சொருகினேன்.

காலையில் தம்பி ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். பசி. சித்தி தானாக எழுந்து வந்து பல் விளக்கினாள். தலைவலி இல்லை என்றாள். அப்பா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுக் கோடாங்கி மந்திரித்துக் கொடுத்த கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டிசம்பர் 26, சனி

நேற்று சன்னலைத் திறக்கவில்லை. அம்மாவிடம் ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது.

இன்று காலையில் சித்தி நிலைப்படியில் விழுந்து நெற்றியில் அடிபட்டாள். ரத்தம். மஞ்சள் வைத்துக் கட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

டிசம்பர் 28, திங்கள்

நேற்றும் அதற்கு முந்தின நாளும் திறந்தேன். இரண்டு நாளும் எல்லோரும் நன்றாக எழுந்தார்கள்.

யோசித்துப் பார்த்தேன். திறந்தால் ஒன்றும் ஆவதில்லை. அடைத்தால்தான் ஆகிறது. அப்படியானால் அம்மா கெடுதல் செய்ய வரவில்லை. உள்ளே விடாமல் அடைத்து வைத்தால்தான் அவளுக்குக் கோபம் வருகிறது. விட்டால் வந்து, தம்பியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள். அவளை எதற்கு மரத்தில் ஆணி அடித்துக் கட்ட வேண்டும்?

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

டிசம்பர் 29, செவ்வாய்

சொல்லவில்லை. பூண்டுத் தோட்டத்தில் அத்தைக்குக் களை பிடுங்கிக் கொடுத்தேன். மாலை இரண்டு கேரட் கட்டு தந்தாள். ராத்திரி திறந்தேன்.

டிசம்பர் 30, புதன்

இன்றும் சொல்லவில்லை. திறந்தேன். குளிரில் எனக்குச் சளி பிடித்துவிட்டது. சித்தி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, இந்தக் குளிரில் எங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டாள். நான் குடித்துமுடிக்கும் வரை நின்றாள்.

டிசம்பர் 31, வியாழன்

இதை அத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். சன்னலைத் திறந்தேன் என்றும், திறந்தால் ஒன்றும் ஆகவில்லை என்றும், அம்மாவைக் கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். அப்பா முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் கன்னத்தில் அறைந்தார். அப்பா என்னை இதுவரை அடித்ததில்லை.

"நீயாடி அவளைக் கூப்பிட்டு உள்ள விட்டுக்கிட்டு இருந்த?"

சித்தி நடுவில் வந்தாள். அவளை நகர்த்திவிட்டு அப்பா காட்டேஜுக்குப் போய்ப் பலகையும் ஆணியும் கொண்டுவந்தார். சன்னலின் மேல் குறுக்கே பலகை வைத்து அடித்தார். சுற்றிலும் சாணி பூசினார். என்னை வீட்டில் வைத்திருந்தால் கதவைத் திறந்துவிடுவேன் என்று பாயும் போர்வையும் கொடுத்து இங்கே அனுப்பிவிட்டார். இன்று காட்டேஜில் புது வருடத்துக் கூட்டம், விடிகிற வரை அவரால் வர முடியாது. போகும்போது குமுட்டி நிறையக் கரி போட்டு, இன்னும் ஒரு கூடை பக்கத்தில் வைத்து, அணையவிடாதே என்று சித்தியிடம் சொன்னார். சித்தி வாசலில் நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா அவளை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அத்தை வீட்டில் அறைக்கு நடுவில் விறகு நெருப்பு. கண் எரிகிறது. கூரைக்கடியில் சுற்றிலும் இடைவெளி, அது வழியாகக் காற்று வந்து முதுகில் அடிக்கிறது. இதை அடைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அடைச்சா புகை எங்கிட்டுப் போகும்? நம்ம மூக்குக்குள்ளயா?" என்றாள் அத்தை. சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லா வழியையும் அடைத்தாகிவிட்டது. அம்மா வந்து பார்ப்பாள். திறந்திருக்காது.

ஜனவரி 3, ஞாயிறு

இப்போதுதான் எழுத முடிகிறது. வீட்டில் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் சரியாகத் தூங்கவில்லை. கருக்கலிலேயே எழுந்து, அத்தையிடம் சொல்லாமல் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். கதவில் தாழ் போட்டிருக்கவில்லை, தள்ளினால் அசைந்தது. ஆனால் திறக்கவில்லை. உள்ளே ஏதோ முட்டுக்கொடுத்திருந்தது. தோளால் தள்ளித் தள்ளி என் உடம்பு நுழைகிற அளவு திறந்தேன்.

அது சித்தி. வாசற்கதவை ஒட்டித் தரையில் கிடந்தாள். தாழை எடுத்திருக்கிறாள், கதவைத் திறக்கத்தான் பலம் இல்லை. தம்பியைத் தரையில் படுக்கவைத்திருந்தாள். அவன் முகம் கதவின் அடி இடுக்குக்கு நேராக இருந்தது. அந்த இடுக்குக்கு வைத்திருந்த சாக்கு ஓரமாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. உள்ளறையில் குமுட்டி சத்தமில்லாமல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கத்தினேன். அத்தை வந்தாள். கேரட் ஏற்ற வந்திருந்த ஜீப்காரர் வந்தார். சித்தியின் உடம்பு கனத்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள். வழியில் தம்பி ஒரு தடவை கொட்டாவி விட்டான். அத்தை அவனை மேலாடைக்குள் வைத்துக்கொண்டு சாமி பெயர்களாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சித்தியின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, புடவையை மோந்து பார்த்தார். வீட்டுக்குள் என்ன எரித்தீர்கள் என்று கேட்டார். அடுப்புக்கரி என்றேன். சன்னல் திறந்திருந்ததா என்றார். இல்லை என்றேன். இரண்டு பேருக்கும் மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள்.

பிறகு அப்பா வந்ததும் டாக்டரம்மா அவருக்கு விளக்கினார். கரி எரியும்போது ஒரு நச்சுக் காற்று வரும், அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. விறகென்றால் புகைந்து கண்ணை எரிக்கும், நாமே எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். இது சொல்லாமல் ஆளை அமுக்கிவிடும். தலைவலி, வாந்தி, கால் தள்ளாட்டம், யாரோ நிற்கிற மாதிரித் தெரிவது, எல்லாம் அதனால்தான். குளிர்காலத்தில் அறை எடுத்துத் தங்க வருகிறவர்களும் இப்படி வருவதுண்டு, எல்லோரும் பிழைப்பதில்லை என்றார். பிள்ளை பிழைத்தது கதவிடுக்கில் வந்த காற்றால் என்றார்.

"நாந்தான் கொண்டாந்தேன்" என்றார் அப்பா. வராந்தாவில் ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அன்று முழுவதும் அப்படித்தான் நின்றார். சாயங்காலம் என்னிடம் வந்து கன்னத்தைத் தடவினார். அடித்த கன்னம் இல்லை, அடுத்தது. அவருக்கு மறந்துவிட்டது போல.

நேற்று இரவு வீட்டுக்கு வந்தோம். மிச்சக் கரியை அப்பா பள்ளத்தில் கொட்டினார். ஏணி போட்டுப் பூசியதையெல்லாம் பெயர்த்தார். சன்னல் பலகையையும் எடுத்தார். இப்போது மறுபடி விறகுதான். நான் இருமிக்கொண்டே எழுதுகிறேன்.

ஜனவரி 4, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. அறிவியல் விடைத்தாள் கொடுத்தார்கள். ஒரு கணக்கில் விடை சரி, வழி தப்பு என்று ஆசிரியர் பாதி மதிப்பெண்தான் போட்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சன்னலைத் திறந்தது சரி. எதற்காகத் திறந்தேனோ அது தப்பு. டாக்டரம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்த ராத்திரிகளில் உள்ளே வந்தது வெறும் காற்று. அம்மா கோபப்படவில்லை. நான் கேட்டதையும் அவள் செய்யவில்லை. அதற்காக நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அவள் வரவும் இல்லை. நான் பேசியது எதையும் யாரும் கேட்கவில்லை.

பயம் போய்விட்டது. பயம் இருந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள்.

ஜனவரி 5, செவ்வாய்

வெள்ளிக்கிழமை வந்து பூட்டின வீட்டைப் பார்த்துத் திரும்பிப் போன கோடாங்கி இன்று மறுபடி வந்தார். கையில் ஆணி, எலுமிச்சம்பழம், அன்றைக்கு எடுத்துப்போன சேலைத் துண்டு. அப்பா கரியின் கதையைச் சொன்னார். கோடாங்கி அசரவில்லை. கரி வெறும் சாக்குப்போக்குத்தான், கரியைக் கொண்டுவர உங்களுக்குப் புத்தி கொடுத்ததே அவள்தான் என்றார். அப்பா தடுமாறினார். ஆணியை அடித்துவிட்டால் மனதுக்கு ஒரு தைரியம்தானே என்கிற மாதிரி என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

நான் சுள்ளிக் கட்டை இறக்காமலேயே நின்றேன்.

சித்தி உள்ளிருந்து வந்தாள். இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். நெற்றியில் என் கட்டு அப்படியே இருக்கிறது.

"எங்க அக்காவ எதுக்கு ஆணி அடிக்கணும்? ஆணி மிச்சமா இருந்தா அந்தக் குமுட்டியில அடிங்க. ரெண்டு பேரக் கொல்லப் பாத்தது அதுதான்."

கோடாங்கி, பச்சை உடம்புக்காரி வாயாடக் கூடாது, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்றார்.

"கேக்கட்டும். கேட்டா நல்லதுதான்" என்றாள் சித்தி. கையை நீட்டி அவரிடமிருந்து சேலைத் துண்டை வாங்கிக்கொண்டாள். அவர் தருவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வாங்கிவிட்டாள். அப்பா அவரை பஸ் வரை கொண்டுவிடப் போனார். எலுமிச்சம்பழத்தை அத்தை ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நான் உள்ளறையில் விறகு மூட்டினேன். வழக்கம்போல் புகைந்தது. சித்தி தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சன்னல் ஒரு கை அகலம் திறந்திருந்தது. அவளே திறந்து வைத்திருந்தாள்.

நான் சன்னலைத் திறந்தது முதல் நாளிலிருந்தே தெரியும் என்றாள். நான் சாக்கை உருவியபோதே விழித்துக்கொண்டாளாம். கால் நகர முடியாமல் கிடந்தவளுக்கு அந்தக் குளிர்காற்று பட்டதும் உயிர் வந்த மாதிரி இருந்ததாம். திறக்காத நாளில்தான் மோசம் என்று அவளும் கண்டுபிடித்துவிட்டாளாம். ஏன் என்று தெரியவில்லை, அதனால் அப்பாவிடம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாளாம். அன்றைக்குச் சன்னலை அடித்த பிறகு, தலை சுற்ற ஆரம்பித்ததும், கதவிடுக்கில் காற்று வருமே என்றுதான் தவழ்ந்து போனாளாம்.

முதல் நாள் விழித்திருந்தாள் என்றால் எல்லாம் கேட்டிருக்கும். நான் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுள்ளியை எடுத்துத் தேவையில்லாமல் உடைத்தேன்.

"சித்தி இருக்கட்டும்னு சொன்னேல்ல, அது கேட்டுச்சு" என்றாள். தம்பியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்கு முன்னால என்னமோ சொன்ன. அது எனக்குக் கேக்கல."

இரண்டையும் நான் ஒரே குரலில்தான் சொன்னேன்.